கைவைக்க ஆளுள்ள வண்டி

சைக்கிள் வாங்குவதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். இலக்கியம் பேசும் இடத்தில் போக்ஸ் கம்பிக்கும் பால்ரஸுக்கும் என்ன வேலை என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் அளந்து வைத்த பணத்தில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க நேரும்போது மனிதர்கள் தங்களைப் பற்றித் தெரிந்துகொள்வது கொஞ்சமல்ல. புத்தகக் கண்காட்சியில் ஐந்நூறு ரூபாயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எடுத்த நூலைத் திரும்ப வைத்துவிட்டு அடுத்த அரங்குக்கு நடந்த எவருக்கும் இது விளங்கும்.

நாங்கள் இருவர். கோவையின் மேற்கு விளிம்பில், வடவள்ளியைத் தாண்டி வசிக்கிறோம். எங்களில் ஒருவர் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த பட்டறை மூடப்பட்ட பின், வீட்டுச் செலவுகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்ததில் ஸ்கூட்டரின் முறையும் வந்தது. அதை விற்றதில் கைக்கு வந்தது 22,000 ரூபாய். புதிதாகக் கிடைத்த வேலையிடம் தொண்டாமுத்தூர்ச் சாலையில் ஆறு கிலோமீட்டர். பேருந்து உண்டு, ஆனால் அதன் நேரம் வேறு, வேலையின் நேரம் வேறு. அந்தப் பணத்துக்குள் இருவருக்கும் பொதுவாக, பெட்ரோல் கேட்காத ஒரு வண்டி வேண்டும் என்று முடிவு செய்தோம். ஒருவர் காலையில் வேலைக்குப் போய்வர. மற்றவர் மாலையில் கடைகண்ணிக்குச் செல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் முறைபோட்டுக்கொண்டு இட்டேரிகளில் சுற்றிவர.

கொங்கு நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். இரு தோட்டங்களுக்கு நடுவே, இருபுறமும் வேலி அமைந்து, மாட்டுவண்டி போகும் அகலத்தில் நீளும் மண்பாதைக்கு இட்டேரி என்று பெயர். சித்திரைச்சாவடி அணைக்கட்டிலிருந்து நொய்யல் வாய்க்காலை ஒட்டிச் செல்லும் கரைப்பாதையும் எங்கள் கணக்கில் இட்டேரிதான். மழைக்காலத்தில் உழவு வயலாகவும் கோடையில் புழுதிக் குளமாகவும் கிடக்கும் பாதைகள். ஊருக்குள் வரும் தார்ச்சாலையும் குழாய் பதிக்கத் தோண்டி மூடப்பட்டதிலிருந்து ஏறத்தாழ இந்த இனத்தைச் சேர்ந்துவிட்டது. உண்மையான மலை எங்கள் மொட்டை மாடியிலிருந்தே தெரிகிறது. ஆனால் மருதமலைக்குப் பின்னே விரிவது வனத்துறையின் காடு. யானைகள் நடமாடும் பகுதி. அனுமதியின்றி நுழைய இயலாது; நுழையவும் கூடாது. மலை கண்ணுக்கு எட்டும், காலுக்கு எட்டாது. ஆகவே மலையேறாத மலைச் சைக்கிள் ஒன்றைத் தேடிப் புறப்பட்டோம்.

பழைய 28 அங்குல வண்டியே போதாதா என்று எங்கள் உறவினர்களில் பாதிப்பேர் கேட்டார்கள். அந்த வண்டியின் மேல் எங்களுக்கும் மரியாதை உண்டு. குரங்குப்பெடல் பழகிய நாள்முதல் அதன் கம்பி பிரேக்கும் கேரியரும் எங்கள் உடம்பில் ஒட்டியிருப்பவை. ஆயினும் அதன் டயர் ஒன்றரை அங்குல அகலம், கியர் கிடையாது. வாய்க்கால் கரையின் ஏற்றத்தில் அது இறங்கித் தள்ளச் சொல்லும். மலைச் சைக்கிளின் இரண்டு அங்குல டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து அடித்தால் கல்லும் குழியும் பாதியாகிவிடும்; இறக்கத்தில் நேரான ஹேண்டில்பார் கைக்குள் அடங்கும்; சிறிய கியரில் ஐம்பதைத் தாண்டிய முழங்காலும் முணுமுணுக்காமல் ஏறும். எங்கள் பாதைக்கும் வயதுக்கும் அது பொருந்தியது. மற்றபடி அதன் முரட்டுத் தோற்றத்தின்மேல் எங்களுக்குக் காதல் ஏதுமில்லை.

இந்த வண்டியின் பிறப்பைப் பற்றிப் படித்தபோதுதான் எங்கள் தேடலுக்கு ஒரு திசை கிடைத்தது எனலாம். மலைச் சைக்கிள் எந்த ஆய்வகத்திலும் பிறக்கவில்லை. அது பழைய வண்டியிலிருந்து பிறந்தது. 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் சில இளைஞர்கள், 1930களிலும் 40களிலும் தயாரான ஷ்வின் போன்ற கனத்த, பெருத்த டயர் கொண்ட சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மட்கார்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு மலைச்சரிவுகளில் இறங்கினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே பைன் மலையில் அவர்கள் நடத்திய முதல் பந்தயம் ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் நீளம். அதற்குள் 1,300 அடி இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக்குதான் அந்த வண்டிகளில் இருந்தது. அடிவாரம் வருவதற்குள் பின் சக்கரத்தின் அச்சு கொதித்து உள்ளேயிருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடுமாம். ஒவ்வோர் இறக்கத்துக்குப் பின்னும் புதிய கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. கேரி ஃபிஷர் அத்தகைய பழைய வண்டியில் கியர்களைப் பூட்டினார். ஜோ ப்ரீஸ் 1977இல் இதற்கென்றே ஒரு ஃபிரேமைக் கட்டினார். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர், பெருமளவில் தயாரான மலைச் சைக்கிளாக 750 டாலர் விலையில் கடைக்கு வந்தது. பிறர் ஒதுக்கிய பழைய இரும்பை எடுத்து, தேய்ந்ததைக் கழற்றி, புதிதாக கிரீஸ் அடைத்து ஓட்டியவர்களே இதன் முன்னோர் என்று அறிந்ததும், பழைய வண்டியைத் தேடுவதில் இருந்த சிறு கூச்சமும் எங்களைவிட்டு அகன்றது.

இருந்தாலும் முதலில் புதிய வண்டிகளையே பார்க்கச் சென்றோம். 2025 செப்டம்பர் 22 முதல் மிதிவண்டிக்கான சரக்கு சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. பத்தாயிரம் ரூபாய் அடிப்படை விலைக்கு 700 ரூபாய் மிச்சம் என்பது எங்கள் நிலையில் சிறிய தொகையல்ல. ஆனால் கடைகளில் எங்கள் பணத்துக்குள் வந்தவற்றில் கண்ணைப் பறித்தவை பெரும்பாலும் முன்னும் பின்னும் ஷாக்கப்சர் வைத்த, பளபளக்கும் வண்டிகள். விலையுயர்ந்த வண்டிகளில் பின்புற சஸ்பென்ஷன் என்பது நுணுக்கமான பொறியியல். மலிவு வண்டியில் அதுவே கனமான சுருள்கம்பியும் சீக்கிரம் ஆட்டம் கண்டுவிடும் மூட்டுகளுமாகச் சுருங்கிவிடுகிறது. மிதிக்கும்போது நம் பலத்தில் ஒரு பங்கை அந்தச் சுருள் விழுங்கிக்கொண்டு மேலும் கீழும் ஆடுகிறது. விற்பனையாளரான இளைஞர், “இதுல போனா மெத்தையில போற மாதிரி இருக்கும் ஆன்ட்டி” என்றார். மெத்தைமேல் நடந்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு களைப்பு என்பது தெரியும். இந்த விலையில் பின்புறம் விறைப்பாக உள்ள வண்டியே மேல். முன்னேயும் ஷாக்கப்சர் இல்லாவிட்டால் குறை ஒன்றுமில்லை, எடை குறையும்.

அடுத்து நாங்கள் பார்க்கக் கற்றுக்கொண்டது பின் சக்கரத்தின் நடுப்பகுதியை. விலை குறைந்த வண்டிகளில் பல்சக்கரங்கள் எல்லாம் ஒரே கட்டியாக, மறையில் திருகி ஏற்றும் ஃப்ரீவீலாக இருக்கும். சற்று மேலான வண்டிகளில் கேசட் என்னும் அடுக்கு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ஃப்ரீவீல் வண்டியில் வலப்புறத்துப் பால்ரஸ் அச்சின் நுனியிலிருந்து வெகுதூரம் உள்ளே அமைகிறது. பின்னால் அரிசி மூட்டையோடு குழியில் இறங்கினால் அச்சு வளைவதற்கும் முறிவதற்கும் அதுவே காரணம். கேசட்டில் பால்ரஸ் ஓரத்துக்கு நகர்ந்துவிடுவதால் அச்சு தாங்கும். பின்னால் ஏழு பல்சக்கரம் என்றால் பெரும்பாலும் ஃப்ரீவீல். எட்டும் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் கேசட். புதிய வண்டிகளில் எங்கள் பணத்துக்கு வந்தவற்றுள் கேசட் உள்ளவை இரண்டே. அவற்றில் ஒன்றுக்கு ஃபிரேம் பெரியது.

இந்த அளவுப் பிரச்சினையைத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்களில் ஒருவர் ஐந்தடி எட்டு அங்குலம். மற்றவர் ஐந்தடி இரண்டு. இருவருக்கும் நடுவே ஓர் அளவை எடுப்பதுதானே முறை என்று தோன்றும். அது சரியன்று. சிறிய ஃபிரேமில் சீட்டுக் குழாயை உயர்த்தி நெட்டையானவர் ஓட்டலாம்; குழாயில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியாதவரை ஆபத்தில்லை. பெரிய ஃபிரேமைக் குட்டையானவருக்காகத் தாழ்த்த வழியே கிடையாது. திடீரென நின்று காலை ஊன்றும்போது மேல்குழாய்க்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். ஆகவே ஒரே வண்டியை இருவர் பகிர்ந்தால் அது குட்டையானவருடைய வண்டியாகத்தான் இருந்தாக வேண்டும். எங்கள் வீட்டில் இந்த நியாயம் பிற விஷயங்களிலும் நடைமுறைக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எங்களில் ஒருவர் சொன்னதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

பழைய வண்டிகளின் பக்கம் திரும்பினோம். 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் உலகெங்கும் சைக்கிள்களுக்குத் தட்டுப்பாடு வந்தது பலருக்கு நினைவிருக்கும். அப்போது ஆசையோடு வாங்கப்பட்டவற்றில் ஒரு பகுதி அடுக்ககங்களின் பால்கனிகளில் துணி உலர்த்தப் பயன்பட்டு வருகிறது. நாங்கள் பார்த்த முதல் வண்டி அத்தகையது. 16,000 கேட்டார்கள். செயின் புத்தம் புதிதுபோல் இருந்தது. அதைச் சோதிக்க எளிய வழியொன்று உண்டு. செயினில் ஒரு வெளிக்கண்ணியும் ஓர் உள்கண்ணியும் சேர்ந்தால் ஓர் அங்குலம். அப்படிப் பன்னிரண்டு சோடிகளை அடிக்கோலால் அளந்தால் சரியாகப் பன்னிரண்டு அங்குலம் வர வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடினால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடினால் பல்சக்கரங்களும் தேய்ந்துவிட்டன என்று பொருள். இந்த வண்டியில் கோல் பிசகவில்லை. ஆனால் பிரேக் பிடியை அழுத்தினால் ஹேண்டில்பார்வரை வந்து இடித்தது. அது எண்ணெயின் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக். நெடுநாள் கிடந்ததில் உள்ளே காற்றுப் புகுந்திருக்க வேண்டும்.

எங்கள் தெருமுனையில், புங்கமரத்தடியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் படத்தைக் காட்டினோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிதானமாகப் பார்த்தார். “வண்டி நல்ல வண்டிதானுங்க. ஆனா இந்த எண்ணெய் பிரேக்கு நம்ம கைக்கு வராதுங்க. நீங்க டவுனுக்குத்தான் எடுத்துட்டுப் போகோணும்” என்றார். பிறகு, கேட்காமலே இன்னொன்றும் சொன்னார்: “வாங்கறது ஒண்ணும் பெருசில்லீங்க. நாளைக்கு ஒரு கோளாறுன்னா அதுல கைவைக்க ஆளிருக்கோணும், பாத்துக்கங்க.”

பல நாட்கள் படித்தும் விசாரித்தும் நாங்கள் சேர்த்திருந்த செய்திகளெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றி ஒழுங்காக வந்து அமர்ந்தன. எட்டுமணிக்கு வேலைக்குப் போக வேண்டியவரின் வண்டி ஏழரைக்கு மக்கர் செய்தால், பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள குளிரூட்டப்பட்ட கடையால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒரு நாள் தாமதத்தைப் பொறுக்கிற வேலையும் அல்ல அது. வண்டியின் விலை என்று கடையில் சொல்வது முதல் தவணை மட்டுமே. மீதியை நாம் பழுதுபார்ப்பவரிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துகிறோம். அவர் எங்கே இருக்கிறார், அவருக்கு எது கைவரும் என்பதிலிருந்துதான் வண்டியைத் தேர்ந்தெடுக்கத் தொடங்க வேண்டும். கம்பியால் இழுபடும் பிரேக், கோனும் கப்பும் பால்ரஸ் குண்டுகளும் கொண்ட அச்சு, கோட்டம் எடுக்கத்தக்க போக்ஸ் கம்பிச் சக்கரம்: எங்கள் வரம்பு இதுவென்று தெளிவானது.

இரண்டாவது வண்டியை அதிக நேரம் பார்க்கவில்லை. விலை வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. பெடல் அச்சு நுழையும் குழாயின் அடியில் ஃபிரேமின் எண் பொறித்திருக்கும். வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தது. ரசீதும் இல்லை. காரணம் கேட்காமல் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். யாரோ ஒருவர் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருக்கிறார் என்ற எண்ணம் வழியெல்லாம் உடன்வந்தது.

மூன்றாவது வண்டி, வீரகேரளம் பக்கம் ஒரு பழைய ஓட்டுவீட்டின் திண்ணையில் நின்றது. 2013இல் வாங்கியது, ரசீது ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. அலுமினிய ஃபிரேம், 16 அங்குலம், முன்னே மூன்று, பின்னே எட்டு என்று 24 கியர், பின்னே கேசட், ரப்பர்க் கட்டை ரிம்மைப் பிடிக்கும் பிரேக். விலை 9,500. பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த மகனுக்காக வாங்கியதாகச் சொன்னார் வீட்டுக்காரர். மகன் இப்போது வேறு நாட்டில், வேறு கண்டத்தில்.

கற்ற வித்தைகளையெல்லாம் வரிசையாகக் காட்டினோம். முன் ஃபிரேம் குழாய்கள் கூடும் இடத்தில், அடிப்புறமாக, பெயிண்டில் சுருக்கமோ விரிசலோ உண்டா என்று விரலால் தடவிப் பார்த்தோம். வண்டி எதிலாவது மோதியிருந்தால் அங்கேதான் தெரியும். இல்லை. சீட்டுக் குழாய் அலுமினிய ஃபிரேமோடு ஒட்டி இறுகிப்போவது உண்டு. இது கிரீஸ் மணக்க வழுக்கி வெளியே வந்தது. சக்கரங்களைச் சுழலவிட்டோம், பின் ரிம்மில் சிறு கோட்டம், எடுத்துவிடக்கூடியதே. முன் ஷாக்கப்சர் பாதி இறுகியிருந்தது; எங்களுக்கு அது பொருட்டில்லை. செயினில் பன்னிரண்டு அங்குலத்துக்கு எட்டில் ஒரு பங்கு கூடவே வந்தது. அந்தப் பையன் ஓட்டியிருக்கிறான், நன்றாகவே ஓட்டியிருக்கிறான்.

சக்கரம் 26 அங்குலம். 27.5, 29 அங்குலங்கள் வந்த பிறகு நல்ல மலைச் சைக்கிள்களில் இந்த அளவு வழக்கொழிந்துவிட்டதால்தான் விலையும் இறங்கியிருந்தது. ஆனால் அதற்கான டயர் எங்கள் பெரியவரின் பட்டறையிலேயே தொங்குகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை: 26 என்று எழுதியவை எல்லாம் ஒன்றல்ல. மலைச் சைக்கிளின் 26க்கு ரிம் குறுக்களவு 559 மில்லிமீட்டர். சாதாரண வண்டிகளில் வரும் 26×1⅜ டயருக்கு 590. ஒன்று மற்றொன்றில் ஏறாது. டயரின் பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் அந்த மூன்றிலக்க எண்ணையே நம்ப வேண்டும்.

டயர்களின் பக்கச்சுவரில் வெயிலின் விரிசல் ஓடியிருந்தது. ஆனால் அவை சப்பையாகிக் கிடக்கவில்லை; இரண்டும் கல்போல் நின்றன. ஆண்டுக்கணக்கில் யாரும் ஓட்டாத வண்டியில் இது எப்படி என்று கேட்டோம். “மாசம் ஒருக்கா காத்து அடிச்சு வெச்சிருவேனுங்க. ஓட்டறதுக்கு ஆளில்லீனாலும் அது பாட்டுக்கு இருக்கட்டும்னு” என்றார். அவர் சீட்டின்மேல் கையை வைத்திருந்தார். பேரம் பேசுவதாகத்தான் இருந்தோம். 8,000 என்று தொடங்க வேண்டும் என வரும் வழியில் ஒத்திகையும் பார்த்திருந்தோம். அந்த எண் எங்களில் எவர் வாயிலிருந்தும் வரவில்லை. பணத்தை எண்ணிப் பார்க்காமலே வாங்கிக்கொண்டவர் ஒன்று மட்டும் கேட்டார்: “ஓட்டுவீங்கல்லங்க?”

கணக்கை விரும்புகிறவர்களுக்காகக் கணக்கு. வண்டி 9,500. செயின் 450, கேசட் 1,100, இரண்டு டயர் 1,800, இரண்டு டியூப் 500, பிரேக் கட்டைகள் 300, கம்பிகள் 350, பெரியவருக்கு ஓவராயில் கூலி 800. தலைக்கவசம் இரண்டு 3,000, பம்பு 700, விளக்குகள் 900. ஆக 19,400. மீதி 2,600 ரூபாயைத் தனியே ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறோம். மீதித் தவணைகள் அதிலிருந்து போகும். பழைய வண்டி வாங்குபவர்கள் கையிலுள்ள தொகையில் பாதிக்கு மேல் வண்டிக்கே கொடுத்துவிடாமல் இருப்பது நல்லது என்பது இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட விதி. புதிய வண்டிதான் வேண்டுமென்போருக்கும் தலைக்கவசம், பம்பு, விளக்கு ஆகியவற்றின் விலையை முதலிலேயே கழித்துவிட்டுக் கடைக்குள் நுழையும்படி பரிந்துரைப்போம்.

பெரியவர் இரண்டு நாட்கள் எடுத்துக்கொண்டார். அச்சுகளைப் பிரித்து, குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் அடைத்து, ரிம்மைச் சுழற்றிச் சுழற்றிக் கோட்டம் எடுத்தார். மரின் மலைச்சரிவில் ஒவ்வொரு பந்தயத்துக்குப் பின்னும் நடந்ததும் இதே வேலைதான் என்று அவரிடம் சொன்னோம். “பின்ன? கிரீஸ் இல்லாம வண்டி எந்த ஊர்லீங்க ஓடும்?” என்று கேட்டுவிட்டு ஸ்பேனரைத் தேடப் போய்விட்டார்.

வண்டி இப்போது பதினோராவது வாரத்தில் ஓடுகிறது. வேலைக்குத் தாமதமானது ஒரே ஒரு நாள், அதுவும் மழையால். பஞ்சரான நாட்களை நாள்காட்டியில் குறித்து வருகிறோம்: நெருஞ்சி மூன்று, சீமைக்கருவேலம் ஒன்று. முதல் இரண்டுக்குப் பெரியவர் ஒட்டுப் போட்டார். மற்ற இரண்டுக்கு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, நாங்களே போட்டோம்.